ஓசையின்றி வளரும் குறை



குறைகள் இருவகைப்படும். ஓசையிட்டுத் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் குறை ஒன்று. ஓசையே இன்றி உள்ளிருந்து அரிக்கும் குறை மற்றொன்று. முன்னதை நாமும் அறிவோம், அடுத்த வீட்டாரும் அறிவர். பின்னதையோ தேடிச் சென்று அளந்தாலன்றி அறிதல் இயலாது. இவ்வுண்மையைப் பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரம் ஒன்றின் துணைகொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அறம் பேசவேண்டிய ஏட்டில் இயந்திரத்தைப் பேசுவது ஏன் என்று வினவுவோர் இருக்கலாம். நம்மவருள் பலர் கைத்தொழிலால் வாழ்வோர். பட்டறையில் நாள் முழுதும் நின்று பொருள் ஈட்டுவோர். பகவான் புத்தரோ உழவனிடம் உழவையும், குதிரை பழக்குவோனிடம் குதிரையையும் காட்டியே அறம் உரைத்தார். கேட்பவன் கைக்குப் பழகிய பொருளே அவன் கருத்துக்கும் எளிதில் எட்டும். ஆகலின் கேம், வால்வு, ஷிம் என்னும் சொற்களைக் கண்டு அயர்தல் வேண்டா. அறியாதார்க்கும் விளங்குமாறு முதலிலிருந்தே சொல்லுவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி, ஜப்பான் நாட்டுச் சுசுகி நிறுவனத்தார் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி.எஸ். 750 என்பதாகும். அதுவரையில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளாலேயே பெயர் பெற்றிருந்த அந்நிறுவனம் செய்த முதல் நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டி அது. கொள்ளளவு 748 கன சென்டிமீட்டர். சிலிண்டர் தலையின் மேல் இரண்டு கேம் தண்டுகள். சிலிண்டருக்கு இரண்டாக எட்டு வால்வுகள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், பேணத் தெரிந்தவர் கையில் அவ்வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வால்வு என்பது ஒரு கதவு. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும் கதவு ஒன்று. எரிந்த புகையை வெளியே விடும் கதவு மற்றொன்று. கேம் தண்டு சுழலும்போது அதன் முட்டை வடிவான புடைப்பு வால்வை அழுத்தித் திறக்கிறது. புடைப்பு விலகியவுடன் சுருள்வில் வால்வை இழுத்து மூடுகிறது. புடைப்புக்கும் வால்வுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் போன்ற டாப்பெட் ஒன்று உண்டு. அந்த டாப்பெட்டின் தலைமேல், நாணயம் போன்ற கடினமான எஃகு வட்டு ஒன்று அமர்ந்திருக்கும். அவ்வட்டுக்கே ஷிம் என்று பெயர். இயந்திரம் நிமிடத்திற்கு 8,000 சுற்றுச் சுழலுங்கால் கேம் தண்டு அதில் பாதி, அஃதாவது 4,000 சுற்றுச் சுழல்கிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு அறுபத்தாறு தடவை திறந்து மூடுகிறது. அத்தனை அடியையும் அச்சிறு வட்டு தன் முதுகில் தாங்குகிறது.

வால்வு மூடியிருக்கும் வேளையில் கேமின் வட்டப்பகுதிக்கும் ஷிம்முக்கும் இடையே சிறிது வெளி இருத்தல் வேண்டும். எவ்வளவு வெளி? இவ்வண்டிக்கு 0.03 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 0.08 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. மனிதனின் தலைமயிர் ஒன்றின் பருமனும் ஏறக்குறைய இவ்வளவே. மயிரிழையளவு என்று நாம் வாய்ப்பேச்சாகச் சொல்லுவதை இங்கே மெய்யாகவே அளந்து வைத்திருக்கின்றனர்.

அவ்வெளி எதற்கு? இயந்திரம் சூடேறும்போது வால்வின் தண்டு நீளுகிறது. நீளுதற்கு இடமில்லையாயின் வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராது. கதவு ஒருக்களித்தே நிற்கும். புகை வெளியேற்றும் வால்வின் தலை பல நூறு டிகிரிச் சூட்டில் நிற்பது. அது தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் அந்தச் சிறு பொழுதில், இருக்கையைத் தொட்டே இறக்கி வைக்கிறது. இருக்கையில் அமர இயலாத வால்வு சூட்டை இறக்க வழியின்றி ஓரம் கருகும், பின்னர் ஒழுகும், அழுத்தம் குறையும், வண்டி வலுவிழக்கும். வெளி மிகுந்தாலோ வேறு கேடு. புடைப்பு ஷிம்மைத் தொடுவதற்குத் தாமதமாகிறது. மூடும்போது வால்வு மெல்ல அமராமல் இருக்கையில் மோதுகிறது. டிக் டிக் என்னும் ஓசை எழுகிறது.

இவ்விடத்தில் சோணரின் வரலாறு நினைவுக்கு வராமற் போகாது. செல்வக் குடியில் பிறந்து துறவு பூண்ட அவர், ராஜகிருகத்தை அடுத்த சீதவனத்தில், பாதங்களில் குருதி கசியும்படி நடந்து நடந்து தியானம் பயின்றார். பயன் கிட்டாமையால் மனம் தளர்ந்தார். இல்லறத்துக்கே மீண்டுவிடலாமா என்றும் எண்ணினார். பகவான் அவரை அணுகி, அவர் முன்னாளில் பழகிய வீணையைப் பற்றியே வினவினார். நரம்பு மிக இறுகினாலும் இசை பிறவாது, மிகத் தளர்ந்தாலும் பிறவாது, சமனாக நின்றால்தான் பிறக்கும் என்பதைச் சோணர் வாயாலேயே சொல்லுவித்தார். முயற்சியும் அத்தகையதே என்று உணர்த்தினார். இந்த நடுவழியை நாம் பலகால் கேட்டிருக்கின்றோம். ஆனால் நடுவழி என்பதை, ஏதோ ஒருவாறு இரண்டுக்கும் நடுவே நிற்பது என்று மேலோட்டமாகக் கொள்ளுவோர் பலர். வால்வின் வெளியைப் பாருங்கள். அங்கே நடு என்பது குத்துமதிப்பன்று. அதற்கு எண் உண்டு, எல்லை உண்டு. அதனை அளந்தே அடைதல் வேண்டும்.

வீணைக்கும் வால்வுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதனைச் சொல்லவே இவ்வுரையைத் தொடங்கினோம். வீணை நரம்பு இறுகினாலும் தளர்ந்தாலும் செவி கேட்டறியும். வால்வின் வெளி மிகுந்தால் செவி அறியும், குறைந்தால் அறியாது. இறுகிப்போன வால்வு ஓசையிடுவதில்லை. முன்னிலும் அமைதியாகவே ஓடும். இவ்வகை இயந்திரத்தில் நாளடைவில் பெரும்பாலும் நேர்வதும் இறுக்கமே. ஏனெனில் மூடுந்தோறும் வால்வின் முகமும் இருக்கையும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. தேயத்தேய வால்வு மேல்நோக்கி ஏறுகிறது. ஏற ஏற வெளி குறைகிறது. தேய்மானம் என்றால் எங்கும் தளர்ச்சியே உண்டாகும் என்பது பொதுவான எண்ணம். இங்கே தேய்மானம் இறுக்கத்தை உண்டாக்குகிறது. இறுக்கம் அமைதியை உண்டாக்குகிறது. அமைதியைக் கேட்டு வண்டிக்காரர் மகிழ்ச்சி கொள்கிறார். அவர் மகிழ்ந்திருக்கும் அந்நாட்களிலேயே உள்ளே வால்வு கருகத் தொடங்குகிறது.

அன்பர்களே, இதனை நம் வாழ்வின்மேல் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சத்தமே இல்லை என்று பெருமை பேசும் குடும்பத் தலைவர் எத்தனை பேர்! அவ்வமைதி அன்பினால் வந்ததா, அன்றி மனைவியும் மக்களும் வாய் திறக்க இடமின்றி இறுகிப்போனதனால் வந்ததா என்று அவர் அளந்து பார்த்ததுண்டா? எங்கள் கூட்டம் அமைதியாக முடிந்தது என்று எழுதிவைக்கும் சபைகள் எத்தனை! கணக்கைப் பற்றி எவரும் வினவவில்லை என்பதனால் கணக்குச் சரியாகிவிடுமா? குறை கூறும் உறுப்பினர் டிக் டிக் என்று ஓசையிடும் வால்வு போன்றவர். அவரால் செவிக்கு இடையூறு உண்டு. இயந்திரத்துக்கு உடனடி அழிவில்லை. பேசாமலே ஒதுங்கிப் போகின்றவரே நாம் தேடிச் சென்று நலம் வினவவேண்டியவர்.

இனி அளக்கும் முறையைக் காண்போம். முதற்கட்டளை, இயந்திரம் முற்றும் குளிர்ந்திருத்தல் வேண்டும் என்பது. இரவு முழுதும் நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் அளப்பதே நன்று. எஃகு ஒருவிதமாகவும் அலுமினியம் வேறுவிதமாகவும் விரியுமாதலின், சூட்டில் எடுத்த அளவைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட இயலாது. சினத்தின் சூட்டில் பிறர் குறையை அளப்போரும், தன்னிரக்கத்தின் சூட்டில் தம் குறையை அளப்போரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பெட்ரோல் தொட்டியை எடுத்துவிட்டு, இயந்திரம் எளிதில் சுழலுமாறு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றவேண்டும். பின் கேம் மூடியின் போல்ட்டுகளை ஒரே சீராகத் தளர்த்தி மூடியை எடுக்கவேண்டும். வலப்புறத்தில் தண்டின் முனையிலுள்ள பெரிய நட்டைப் பற்றியே இயந்திரத்தைச் சுழற்றவேண்டும்; நடுவிலுள்ள சிறு போல்ட்டைப் பற்றித் திருகினால் அது முறிந்துபோகும். அளக்கவேண்டிய வால்வின் புடைப்பு ஷிம்மை விட்டு விலகி, கையேடு காட்டும் நிலைக்கு வந்தவுடன், பீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடையே செலுத்தவேண்டும். 0.03 தகடு நுழைந்து 0.08க்கு மேற்பட்ட தகடு நுழையாதாயின் அவ்வால்வு நலமுடையது. எட்டு வால்வுகளின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவன் ஐந்தாவது வால்வுக்கு வரும்போது முதலாவதை மறந்திருப்பான்.

பழைய வார்ப்பிரும்புப் புல்லட் வண்டியில், தள்ளுதண்டின் அடியிலுள்ள திருகையும் பூட்டுநட்டையும் திருப்பி வெளியைச் சரிசெய்வதைப் பலர் கண்டிருக்கலாம். ஜி.எஸ். வண்டியில் திருப்புதற்குத் திருகு ஏதும் இல்லை. இருக்கும் ஷிம்மை எடுத்துவிட்டு வேறு கனமுள்ள ஷிம்மை இடுதலே வழி. வெளி குறைந்திருந்தால் மெல்லிய ஷிம். மிகுந்திருந்தால் கனத்த ஷிம். 2.15 மில்லிமீட்டர் முதல் 3.10 மில்லிமீட்டர் வரை, 0.05 மில்லிமீட்டர் வேறுபாட்டில் 20 அளவுகளில் ஷிம்கள் அமைந்துள்ளன. அனுமதிக்கப்பட்ட வெளியின் அகலமும், 0.03 முதல் 0.08 வரை, அதே 0.05 மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள். ஆகவே எந்த வால்வுக்கும் பொருந்தும் ஷிம் ஒன்று அவ்வரிசையில் கிடைத்தே தீரும். அளக்கும் பொறுமை உள்ளவனுக்குத் திருத்தமும் கைகூடும் என்பதே இவ்வேற்பாட்டின் பொருள்.

ஷிம்மை எடுக்குமுன், டாப்பெட்டின் ஓரத்திலுள்ள வெட்டுப்பள்ளம் கைக்கு எட்டும் பக்கம் வருமாறு திருப்பிக்கொள்ளவேண்டும். பின்பு தனிக்கருவியால் டாப்பெட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்து, அப்பள்ளத்தின் வழியே ஷிம்மை மெல்ல நெம்பி எடுக்கவேண்டும். எண்ணெயின் பிடிப்பு அதனை எளிதில் விடாது, அவசரமும் உதவாது. ஷிம் இல்லாத நிலையில் ஒருபோதும் இயந்திரத்தைச் சுழற்றலாகாது. சுழற்றினால் கேமின் புடைப்பு வெறுமையான டாப்பெட்டைக் குதறிவிடும். பழையதை எடுத்தபின் புதியதை இடாமல் இயக்குவது கேடு என்பதைத் தீய பழக்கத்தை விட்டோரும் மனத்திற் கொள்ளுதல் நலம். விட்ட இடத்தை நல்லதொன்றால் நிரப்பாவிடில் விட்டதும் பயன்படாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு வால்வில் 0.03 தகடு நுழையவில்லை. அங்கே 0.02 உண்டோ, 0.01 உண்டோ, ஒன்றுமே இல்லையோ, யார் அறிவார்? உள்ளே இருந்த ஷிம்மை எடுத்துப் பார்க்க, அதன் கனம் 2.70. அதற்குப் பதிலாக 2.60 ஷிம்மை இட்டு அளந்தால் வெளி 0.11 என்று காண்கிறது. அங்ஙனமாயின் முன்னிருந்த வெளி 0.01 மட்டுமே என்பது தெளிவாகிறது. இப்போது 2.65 ஷிம்மை இட்டால் வெளி 0.06 ஆகும்; எல்லைக்குள் வந்துவிடும். ஷிம்மின்மேல் பொறித்த எண்ணை மட்டும் நம்பாமல் மைக்ரோமீட்டர் கொண்டு அளந்துகொள்வதும் நன்று. ஏனெனில் பழைய ஷிம் தேய்ந்திருக்கக்கூடும். இடும்போது எண் பொறித்த முகம் கீழே இருத்தல் வேண்டும். மேலே இருந்தால் கேம் அவ்வெண்ணைத் தேய்த்து அழித்துவிடும். எண்ணெய் தடவி இட்டபின் இயந்திரத்தைக் கையால் சில சுற்றுகள் சுழற்றி, மறுபடியும் அளந்தே மூடவேண்டும்.

முன்னும் அளந்தோம், இடையிலும் அளந்தோம், பின்னும் அளந்தோம். பகவான் தம் மைந்தர் ராகுலருக்கு உபதேசித்ததும் இம்முறையே அன்றோ? கண்ணாடி எதற்கென்று வினவி, முகத்தைப் பார்த்தற்கென்று அவர் விடை கூறக் கேட்டு, அவ்வண்ணமே ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அது தனக்கோ பிறர்க்கோ தீங்கு தருமா என்று ஆராய்க எனப் பணித்தார். ஒருமுறை ஆராய்ந்தது போதும் என்று அவர் விடவில்லை.

இன்னுமொன்று. ஒரு வால்விலிருந்து எடுத்த ஷிம் கெட்டுப்போனதன்று. அது இறுக்கிய இடம் வேறு. அதே கனம் வேண்டி நிற்கும் இடம் அடுத்த சிலிண்டரிலேயே இருக்கக்கூடும். தாளில் குறித்த எட்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பவன், இருப்பதை இடம் மாற்றியே பாதி வேலையை முடித்துவிடுவான். கடையில் வாங்கவேண்டியது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஓரிடத்தில் ஒவ்வாதவரை உதவாதவர் என்று தள்ளிவிடும் வழக்கம் மனிதரிடையே மலிந்துள்ளது. அவர்க்குரிய இடத்தை நாம் அளந்து பார்த்தோமா என்பதே கேள்வி.

இனி இவ்வுரையின் மிக முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். பட்டறைக்கு ஒருவர் வந்து, வண்டியில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, போக்கித் தாருங்கள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் மூடியைத் திறந்து அளக்கிறார். வெளி 0.07, எல்லைக்குள்ளேயே இருக்கிறது. சிறிது ஓசை அவ்வியந்திரத்தின் இயல்பு. ஆனால் கனத்த ஷிம் ஒன்றை இட்டுவிட்டால் ஓசை அடங்கும். வந்தவர் மகிழ்ந்து கூலி தருவார். நான்கு பேரிடம் புகழ்ந்தும் பேசுவார். கருகப்போகும் வால்வோ சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின்னரே தெரியவரும். அப்போது சிலிண்டர் தலையைக் கழற்றி, வால்வை மாற்றி, இருக்கையைக் கடைந்து சீர்செய்யவேண்டிய செலவு அவர் தலைமேல் விழும். முற்றிய நிலையில் வால்வின் தலை ஒடிந்து பிஸ்டனையே உடைப்பதும் உண்டு. அது நடுச்சாலையில் நேர்ந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே இடர். காரணம் யாது என்பதை அவர் ஒருகாலும் அறியமாட்டார். மெக்கானிக் ஒருவரே அறிவார்.

அந்த ஒருவர் யாது செய்யவேண்டும்? ஐயா, இந்த ஓசையே இதன் நலத்துக்கு அடையாளம். இதனை அடக்கினால் வால்வு எரியும் என்று சொல்லவேண்டும். சொன்னால் வந்தவர் முகம் சுளித்து வேறு பட்டறைக்குப் போய்விடக்கூடும். அன்றைய கூலி போகும். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய கூலி அது. அதனை எளிதாக எண்ணி நாம் பேசவில்லை. ஆயினும் இங்கேதான் பஞ்சசீலம் நூலிலிருந்து இறங்கி நம் கைக்கு வருகிறது. அளக்காமலே மூடியை மூடி அளந்தேன் என்பது பொய். செய்யாத வேலைக்குக் கூலி பெறுவது களவு. அறிந்தே ஒருவரை ஆபத்தில் செலுத்துவது தீங்கு. நல்லாசீவம் என்பது நஞ்சும் படைக்கலமும் கள்ளும் விற்காமலிருத்தல் மாத்திரமன்று. மூடிக்கு அடியில், எவரும் காணாத இடத்தில், மயிரிழையளவு வெளியை ஒழுங்காக வைப்பதும் நல்லாசீவமே. தகடு, பிடித்திருக்கும் கை எவருடையது, அவர் எக்குலத்தார் என்று கேட்பதில்லை. வெளி இருந்தால் நுழையும், இல்லையேல் நில்லும். அத்தகைய நேர்மையை நம் கை பெறுமாயின் அதனினும் பெரிய மேன்மை நமக்கு வேறு வேண்டுவதில்லை.

வண்டிக்காரர்க்கும் ஒரு சொல். ஓசையைக் கேட்டு மட்டும் தீர்ப்புக் கூறாதீர்கள். கேள்விப்பட்டதனாலேயே ஒன்றை ஏற்க வேண்டா என்று காலாமர்க்குப் பகவான் உரைத்தது உங்கள் செவிக்கும் பொருந்தும். அளந்த எண்களை எழுதித் தருமாறு கேளுங்கள். உண்மை கூறி ஓசையை விட்டுவைக்கும் தொழிலாளியை இழந்துவிடாதீர்கள்.

முடிவாக ஒன்று. இன்று சரியாக வைத்த வெளி என்றும் நில்லாது. ஓடுந்தோறும் தேய்வு, தேயுந்தோறும் மாற்றம். அநித்தியம் என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்டுவது? அதனால்தான் குறித்த தூரம் ஓடியவுடன் ஓசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடியைத் திறந்து அளக்குமாறு கையேடு கூறுகிறது. குறை தோன்றிய பின் திறப்பது மருத்துவம். தோன்றுமுன் திறப்பது விழிப்பு. உபோசத நாட்கள் திங்கள்தோறும் வருவதும் இதற்காகவே. அந்நாளில் மனம் குளிர்ந்திருக்கையில் நம் உள்ளத்தின் மூடியைத் திறப்போமாக. எவ்விடத்தில் இறுகினோம், எவ்விடத்தில் தளர்ந்தோம் என்று ஒவ்வொன்றாக அளந்து குறிப்போமாக. அமைதியாயிருக்கும் இடங்களை முதலில் அளப்போமாக.

அனைவர்க்கும் விழிப்பும் நலமும் பெருகுக.